மீசையை மழித்த கோல்கீப்பர்

ஹோரஸ் பிண்டருக்குக் கை நல்ல கை என்று என் வீட்டுக்காரர் எனாக் கண்ணை மூடும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். இருக்கட்டும். கை நல்ல கையாகவே இருக்கட்டும். கிரிம்ஸ்பி துறைமுகத்தில் மீன்கூடையும் பனிக்கட்டியும் தூக்கிப் போட்டுப் பிடித்த கை, பந்தைப் பிடிக்காமல் வேறு எதைப் பிடிக்கும்? அந்தக் கைக்கு மேலே ஒரு தலையும் இருந்தது. அதைப் பற்றித்தான் யாரும் வாயைத் திறப்பதில்லை. நான் திறக்கிறேன்.

எட்வர்ட் ராஜா இருந்த காலம் அது. எங்கள் ஹாக்கென்ஷா ஊர் அணியின் பழைய கோல்கீப்பருக்கு முழங்கால் போய்விட்டது என்று இவனைக் கூட்டிவந்தார்கள். ரயிலடியில் பித்தளை வாத்தியம் வாசித்து வரவேற்றார்கள். எங்கள் சேப்பலுக்குப் புதுப் பிரசங்கியார் வந்தபோதுகூட யாரும் ஒரு ஊதலும் ஊதவில்லை. பந்து பிடிக்கிறவன் வந்தால் ஊரே போய் நிற்கிறது. ஆண்களின் புத்தி அவ்வளவுதான்.

அப்போதெல்லாம் கோல்கீப்பர் தன் பக்கத்துப் பாதி மைதானம் முழுவதும் பந்தைக் கையால் தொடலாம். ஒழுங்கான கோல்கீப்பர் பந்தைப் பிடித்தால் உதைத்து அனுப்பிவிட்டுத் தன் இடத்தில் நிற்பான். இவன் பந்தைத் தரையில் தட்டித் தட்டிக்கொண்டே நடுக்கோடு வரைக்கும் ஓடுவான். ஓடுகிறபோதே கூட்டத்தைப் பார்த்து மீசையை ஒரு தடவு தடவுவான். பின்னால் கோல் ஆளில்லாத வீடு மாதிரித் திறந்து கிடக்கும். ஆண்கள் தொப்பியைத் தூக்கி எறிந்து கூத்தாடுவார்கள். கோல் வாங்கிக்கொண்டால், தடுப்பாட்டக்காரனைத் திட்டுவார்கள்.

மீசை என்றேனே, அதைச் சொல்ல வேண்டும். மேலுதட்டை முழுதாக மூடி, கீழுதட்டிலும் பாதியை மறைத்துத் தொங்கும். சூப் குடித்தால் முதலில் மீசைதான் குடிக்கும். எங்கள் தறிக்கூடத்துப் பெண்கள் ஒருத்திக்கும் அந்த மீசை பிடிக்கவில்லை.

காரணம் இருக்கிறது. தறிகள் எல்லாம் சேர்ந்து அடிக்கும்போது காதோரம் வந்து கத்தினாலும் கேட்காது. அதனால் நாங்கள் உதட்டால் பேசுவோம். சத்தமே வராமல், வாயை மட்டும் அகலமாக அசைப்போம். அந்தக் கோடியில் நிற்கிறவள் தன் மாமியாரை என்ன சொல்லித் திட்டுகிறாள் என்று இந்தக் கோடியில் நிற்கிறவள் படித்துவிட்டுச் சிரிப்பாள். சின்ன வயதில் பாதிநாள் பள்ளிக்கூடம், பாதிநாள் தறி என்று போனபோதே இது வந்துவிடும். புத்தகம் படிக்கத் தெரியாதவளும் இதைப் படிப்பாள். தெருவில், சந்தையில், சேப்பலில், எங்கே வாய் அசைந்தாலும் எங்கள் கண் தானாகப் போகும். வாயை மறைத்துக்கொண்டு திரிகிற ஆளை நாங்கள் நம்புவதில்லை.

அவனைப் போய் நம்பியவள் என் சித்தி மகள் செலினா.

சித்தி இறந்த பிறகு அவள் எங்களோடுதான் இருந்தாள். சித்தி நின்ற நான்கு தறிகள் அவளுக்கு வந்திருந்தன. கூரைக் கண்ணாடி வழியாக வடக்கு வெளிச்சம் நேராக விழுகிற இடம். நூல் அறுந்தால் உடனே தெரியும். அந்த இடத்துக்காகக் காத்திருந்தவர்கள் பல பேர். தறியை விட்டுப் போகிறவளுக்கு எங்கள் ஊரில் திரும்பி வர வழி கிடையாது. விடிகிறபோது ஆலை வாசலில் சால்வையைப் போர்த்திக்கொண்டு நிற்க வேண்டும். உள்ளே எவளாவது காய்ச்சலில் படுத்தால் அன்றைக்கு ஒரு நாள் வேலை. இல்லாவிட்டால் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். நாற்பது வயதில் அப்படி நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

"ஊர்ல இத்தனை ஆம்பளைங்க இருக்க, வாயே தெரியாத ஒருத்தன்தான் கெடைச்சானாடி உனக்கு?" என்று கேட்டேன்.

"அதனாலதான்க்கா பிடிச்சிருக்கு," என்றாள். "மத்தவனுங்க அந்தத் தெருவுல வரும்போதே என்ன பேசிட்டு வர்றானுங்கன்னு தெரிஞ்சுபோகுது. இவரு பேசினா நான் காதால கேக்கணும். அது ஒரு மாதிரி நல்லா இருக்கு."

இப்படிச் சொல்கிறவளை என்ன செய்வது?

ஆலைகள் மூடி ஊரே பிளாக்பூல் கடற்கரைக்குப் போகிற கோடை விடுமுறை வாரத்தில் கல்யாணம் என்று பேச்சு. பிறகு பீர்க் கம்பெனிக்காரர்கள் இவன் பெயருக்காகவே ஒரு பீர்க்கடையை இவனிடம் கொடுப்பார்களாம், செலினா கல்லாவில் உட்காருவாளாம். இதற்கெல்லாம் முன்னால் அவள் தறியை விட வேண்டும் என்றான்.

"விடாதேடி," என்றேன். "மோதிரம் விரலுக்கு வந்தப்புறம் விடு."

"தலையில பஞ்சு ஒட்டிக்கிட்டு மரச்செருப்பு போட்டு நீ தெருவுல நடந்தா என் மரியாதை என்ன ஆகும்னு கேக்குறாருக்கா."

"அவன் தலையில மீன் செதில் ஒட்டியிருந்தப்ப அவன் மரியாதை எங்க இருந்துச்சாம்?"

அவள் சிரித்தாள். ஆனாலும் போய் மேஸ்திரி ஜெத்ரோவிடம் சொல்லிவிட்டாள். தறி கெட்டால் சரிசெய்வதும், எந்தத் தறியில் யார் நிற்பது என்று சொல்வதும் மேஸ்திரி வேலை. ஜெத்ரோ பிண்டரின் பெரிய பக்தன். பிண்டர் தும்மினால் இவன் மூக்கைத் துடைத்துக்கொள்வான். உடனே அந்தத் தறிகளை ரோடா என்கிற வேறொரு பெண்ணுக்கு என்று சொல்லிவிட்டான். ஏப்ரல் மாதம் ஒரு சனிக்கிழமைதான் செலினாவுக்குக் கடைசி நாள்.

அதே வாரம்தான் சிகரெட் கம்பெனியிலிருந்து படம் பிடிக்கிறவன் வந்தான். சிகரெட் பெட்டிக்குள் கால்பந்துக்காரர்களின் படம் போட்ட சின்ன அட்டை வைப்பார்கள். பெரியவர்கள் சிகரெட்டை ஊதிவிட்டு அட்டையைச் சேர்த்துவைப்பார்கள். படக்காரன் இவனைப் பார்த்து, லண்டனில் இப்போதெல்லாம் யாரும் இப்படி மீசை வைப்பதில்லை, மூஞ்சி எடுப்பாகத் தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறான். இவன் நேராக நாவிதரிடம் போய் முழுவதையும் மழித்துவிட்டான். வருடக்கணக்காக வளர்த்ததை ஒரு அட்டைக்காக எடுத்தான். தன் மூஞ்சி மேல் அவ்வளவு ஆசை.

சனிக்கிழமை மத்தியானம் ஆலை நின்றதும் செலினா தறிகளைத் துடைத்தாள். ஆணியில் மாட்டியிருந்த கத்தரியையும் நூல் கொக்கியையும் எடுத்து மடியில் சொருகினாள். எல்லோரும் அப்படியே மைதானத்துக்குப் போனோம். கோல்டர்மூர் அணியோடு ஆட்டம். தோற்றால் கீழ்ப்பிரிவுக்கு இறங்க வேண்டும் என்று எனாக் காலையிலிருந்து கஞ்சி குடிக்காமல் இருந்தார். ஆண்கள் கூரை போட்ட பக்கம் நின்றார்கள். நாங்கள் பக்கவாட்டுக் கோட்டை ஒட்டிய மண்கரையில் நின்று, வினிகர் ஊற்றிய கருப்புப் பட்டாணியைத் தின்றுகொண்டிருந்தோம்.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் கோல்டர்மூர் அணியின் சைலஸ் என்பவனுக்குக் கணுக்கால் பிசகியது. அடிபட்டவனுக்குப் பதிலாக வேறு ஆளை இறக்குகிற வழக்கம் அப்போது இல்லை. நொண்டிக்கொண்டாவது ஓரத்தில் நிற்க வேண்டும். அவன் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எங்கள் கரையோரம் நின்றான். பந்து எதிர்க்கோடியில் இருந்தது. எங்கள் பையன்கள் அடிமேல் அடி அடிக்கிறார்கள், ஊரே கத்துகிறது. பிண்டருக்கு வேலையில்லை. தன் கோலை விட்டு மெல்ல நடந்து வந்து, சைலஸோடு பேச நின்றான். முன்பே பழக்கமாம். இவன் முகம் எங்கள் பக்கம்.

கூட்டத்தின் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டும் என்று வாயை அகலத் திறந்து பேசினான். மீசை இல்லாத வாய். வாயா அது, கடைத்தெரு விளம்பரப் பலகை மாதிரி இருந்தது.

"மே மாசம் ஆட்டம் முடிஞ்சதும் நான் லண்டன் பக்கம் போறேன்பா," என்றான். "எல்லாம் பேசியாச்சு. இங்க ஒரு பயலுக்கும் தெரியாது."

சைலஸ் ஏதோ கேட்டான். முதுகுக்கு உதடு இல்லையே, அது எங்களுக்குத் தெரியவில்லை. இவன் பதில் தெரிந்தது.

"யாரு, அந்தத் தறிக்காரியா? கல்யாணமாவது ஒண்ணாவது. துணி துவைச்சுப் போட, சோறாக்கிப் போட ஆள் வேணும்ல. ஆலைக்குப் போனா எப்பப் பாரு அலுப்பு, அலுப்புங்கறா. அதான் வேலையை விடச் சொல்லிட்டேன். நான் ரயிலேறிட்டா அவளுக்கு யாரு விலாசம் குடுக்கப்போறா?"

பட்டாணி தின்ற வாய்கள் நின்றன. பெண்கள் ஒவ்வொருத்தியாகத் திரும்பிச் செலினாவைப் பார்த்தார்கள். அவள் அழவில்லை. என்னைப் பார்த்து உதட்டால் கேட்டாள்: "நீயும் பாத்தியா?"

"பாத்தேன்."

"நான் தப்பாப் படிக்கலையே?"

"இல்லடி."

சால்வையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். அந்த நேரத்தில்தான் கோல்டர்மூர்க்காரன் ஒருவன் நடுக்கோட்டிலிருந்து பந்தைத் தூக்கி உதைத்தான். பந்து குதித்துக் குதித்து ஆளில்லாத கோலுக்குள் போய் உட்கார்ந்தது. பிண்டர் திரும்பிப் பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வெயில் கண்ணில் அடித்ததாக ஆண்கள் பிறகு சொன்னார்கள். எங்கள் ஊரில் ஏப்ரல் மாதத்தில் வெயில். கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் எனாக்கிடம் சொன்னேன். நம்பவில்லை.

"மீசையை எடுத்ததும் வாய் புதுசா இருந்திருக்கும். நீங்க ஏதோ ஒண்ணைப் படிச்சிருப்பீங்க," என்றார். "அந்த மனுஷன் அப்படிப் பேசுறவன் இல்ல."

"கரை முழுக்க நின்னவளுங்க அத்தனை பேருமா தப்பாப் படிப்போம்?"

"பொம்பளைங்க கூடிட்டா எல்லாரும் ஒண்ணையேதான் படிப்பீங்க."

அந்த வாரம் முழுக்க அவருக்குச் சோறு ஆறிய பிறகுதான் கிடைத்தது.

பேச்சு ஞாயிற்றுக்கிழமைக்குள் ஊரைச் சுற்றி அணியின் முதலாளிமார் காதுக்கும் போய்விட்டது. அவர்கள் பிண்டரைக் கூப்பிட்டு, லண்டன் போகிறாயாமே, ஊரே சொல்கிறது என்று கேட்டிருக்கிறார்கள். எங்கள் ஆலைக்கும் அவர்கள்தான் முதலாளிகள், ஆனாலும் உதட்டுப் பேச்சு தெரியாது. தறிக்கூடத்துக்குள் மூக்கை மூடிக்கொண்டு வந்து போகிறவர்கள். பிண்டருக்கு ஒரே ஒரு எண்ணம்தான் வந்தது. சைலஸ் சொல்லிவிட்டான். வேறு யார் கேட்டது? அவ்வளவு சத்தத்தில் வேறு யாருக்குக் கேட்கும்? உதட்டைப் படித்தோம் என்று நாங்களும் அவனிடம் சொல்லவில்லை. அது எங்கள் பேச்சு. அவனுக்கு எதற்கு?

திங்கட்கிழமை விடியற்காலை செலினா எழுந்து மரச்செருப்பைப் போட்டாள். கத்தரியையும் கொக்கியையும் எடுத்துக்கொண்டாள்.

"எங்கடி போற? உன் தறி ரோடாவுக்குன்னு ஆயிடுச்சே," என்றேன்.

"இன்னும் அவ நிக்கலையே. நான் முன்னாடி போய் நின்னுக்கிறேன்."

போய் நின்றாள். இயந்திரம் ஓடத் தொடங்கியது, தறிகள் அடிக்கத் தொடங்கின. ரோடா வந்து சால்வையோடு ஓரமாக நின்றாள். அவளும் சனிக்கிழமை கரையில் நின்றவள்தான். அதனால் வாயைத் திறக்கவில்லை. ஆனால் தறியை வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. அவளுக்கும் வயிறு இருக்கிறது. ஜெத்ரோ வந்தான். அவனுக்குப் பின்னால், ஞாயிற்றுக்கிழமைச் சட்டையோடு, பிண்டர்.

ஜெத்ரோ தன் பெரிய கையைச் செலினாவின் தறி மேல் வைத்து உதட்டால் பேசினான். "இங்க பாரு பொண்ணே. சனிக்கிழமையோட உன் கணக்கு முடிஞ்சுது. இவரு தங்கமான மனுஷன், உனக்காக ஆலைக்குள்ளேயே வந்திருக்காரு. கல்யாணம் உண்டு, லண்டன் கிண்டன் எல்லாம் பொய்னு என்கிட்டச் சொல்லு. நான் முதலாளிகிட்டச் சொல்லிடறேன். அப்புறம் இவரோட கௌரவமா வெளியே போ. மாட்டேன்னா வாசல்ல போய் நில்லு. ரெண்டுல ஒண்ணு."

செலினாவுக்கு அப்போது எதுவுமே கையில் இல்லை. பொய் சொன்னால் மே மாதம் வரைக்கும் மரியாதை. உண்மை சொன்னால் இன்றைக்கே வாசல். நான் என் தறியில் நின்றுகொண்டே பார்த்துக்கொண்டிருந்தேன். என் பாவில் நூல் அறுந்து ஓடியது, நான் கவனிக்கவில்லை.

அவள் பிண்டர் பக்கம் திரும்பி, வாயைத் திறந்து, சத்தமாகவே, "நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டாள். அவனுக்குக் கேட்டிருக்காது. ஆனால் கேட்கிறாள் என்று புரிந்தது. ஜெத்ரோ அவளுக்குப் பின்னால், அவனுக்கு நேர் எதிரே நின்றான். பிண்டர் குனிந்து, இத்தனை இரைச்சலில் தன் வார்த்தை அவள் காதைத் தாண்டிப் போகாது என்று நினைத்து, அந்த அழகான மழித்த வாயை அகலத் திறந்தான்.

"இந்தக் கெழட்டு மண்டு கேக்குறதுக்கு ஆமான்னு சொல்லித் தொலை. ஓசி டிக்கெட் ரெண்டு குடுத்தா வாலை ஆட்டுற நாய்தானே இது. முதலாளிகிட்டப் போய்ச் சொல்லும். மே வரைக்கும் நீ வாயை மூடிக்கிட்டு இரு, அப்புறம் உனக்கு ஏதாவது பார்க்கலாம்."

சனிக்கிழமை மைதானத்தில் ஜெத்ரோ நின்றது எதிர்ப்பக்கம், ஆண்களோடு. திங்கட்கிழமை நின்றது ஓர் அடி தூரத்தில். சின்ன வயதிலிருந்து தறிக்கூடத்தில் வளர்ந்தவன், எங்களைவிட நன்றாகப் படிப்பான். அவன் முகம் வெந்த பீட்ரூட் மாதிரி ஆனது.

வரிசை வரிசையாகப் பெண்கள் உதட்டால் அதைக் கடத்தினார்கள். "நாய்னு சொன்னான்." "யாரை?" "ஜெத்ரோவை." "ஜெத்ரோவையா?" கடைசிக் கோடியில் ஒருத்தி தறியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நடுவில் நின்ற பிண்டர் இந்த வாயையும் அந்த வாயையும் பார்த்தான். சுற்றிலும் அத்தனை பேர் அவனைப் பற்றியே பேசுகிறார்கள், அவன் ஒருவனுக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை.

ஜெத்ரோ செலினாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. பிண்டரின் சட்டையைத் தோளில் பிடித்து வாசல் வரை தள்ளிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தான். வந்தவன் ரோடாவைப் பார்த்து, "உனக்கு வேற எடம் பார்க்கலாம், போம்மா," என்றான். செலினாவைப் பார்க்காமலே, "நில்லு," என்றான்.

அவனை நல்லவன் என்று யாரும் எண்ண வேண்டாம். செலினாவை ஏமாற்றியதற்காக அவன் அதைச் செய்யவில்லை. தன்னை நாய் என்றான், அதற்காகச் செய்தான். ஓசி டிக்கெட் ரெண்டு அல்ல, நான்கு வாங்கியிருந்தான் என்று பிறகு தெரிந்தது. எப்படியோ தறி அவளிடமே நின்றது. ரோடாவுக்கு வேறு தறி கிடைக்கும்வரை நாங்கள் மாற்றி மாற்றிச் சோறு கொடுத்தோம். அவளும் கூச்சப்படாமல் சாப்பிட்டாள்.

பிண்டர் லண்டன் பக்கம்தான் போனான். அங்கேயும் மீசையில்லாமல், பந்தைத் தட்டித் தட்டி நடுக்கோடு வரை ஓடினான். ஒரு வருடம் கழித்து சைலஸின் அணியோடு ஆட்டம் வந்தபோது, போட்டுக்கொடுத்தவன் என்று சொல்லி அந்தப் பாவப்பட்டவன் மூக்கை மைதானத்திலேயே உடைத்தான். கால்பந்துச் சங்கத்துக்காரர்கள் ஒரு பருவம் முழுக்க ஆடக்கூடாது என்று உட்காரவைத்துவிட்டார்கள். திரும்பி வந்தபோது சட்டத்தை மாற்றியிருந்தார்கள். கோல்கீப்பர் தன் கோலுக்கு முன்னால் உள்ள கட்டத்துக்கு வெளியே பந்தைக் கையால் தொடக்கூடாது. அந்தச் சட்டம் போட்டவர்கள் கையை நான் முத்தமிடத் தயார். ஓட முடியாத பிண்டரைப் பார்க்க யாரும் வரவில்லை. அங்கே ஒரு அணி, இங்கே ஒரு அணி, கடைசியில் ஏதோ தொழிற்சாலை அணி. பிறகு யுத்தம். கிரிம்ஸ்பியில் ஒரு பீர்க்கடை நடத்தி, கடைக்கு வந்தவர்களைவிடத் தானே அதிகம் குடித்து மூடினான். அவன் வாழ்க்கை அவ்வளவுதான். எனாக் அந்தச் சிகரெட் அட்டையை வேதப் புத்தகத்துக்குள் வைத்திருந்தார். நான் அதை எடுத்து மேசைக்காலுக்கு அடியில் வைப்பேன், மறுபடி வேதப் புத்தகத்துக்குள் போய்விடும்.

யுத்தம் முடிந்து எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்காகப் பழைய ஆட்டக்காரர்களைக் கூப்பிட்டு ஒரு ஆட்டம் வைத்தார்கள். அவனும் வந்தான். தொந்தி போட்டிருந்தது. மீசையை மறுபடி வளர்த்திருந்தான், நரைத்த மீசை. நாங்கள் அதே மண்கரையில் நின்றோம், இந்த முறை எனாக்கும் எங்களோடு. செலினா அதற்குள் ஒரு வண்டிக்காரரைக் கல்யாணம் செய்திருந்தாள். முகத்தைச் சுத்தமாக மழிக்கிறவர், அதிகம் பேசாதவர், அவள் வேலைக்குப் போவதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாதவர்.

வாத்தியம் முழங்கியது, கூட்டம் கத்தியது. பிண்டர் கரையோரமாக வந்தபோது செலினாவைப் பார்த்துவிட்டான். மீசைக்குள்ளிருந்து ஏதோ சொன்னான்.

"என்னடி சொல்றான்?" என்று கேட்டேன்.

"தெரியலக்கா. மயிர்தான் தெரியுது."

பிறகு அவள் அவனைப் பார்த்து, வாயை நன்றாக அசைத்து, சத்தமில்லாமல், ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்: "என் தறி நாலும் இன்னும் ஓடுது."

அவன் தொப்பியைக் கழற்றி, நெஞ்சில் வைத்து, குனிந்து வணங்கினான்.

எனாக் என் தோளை இடித்தார். "பாத்தியா? ஆளு இன்னும் மரியாதையை மறக்கல."

நான் பட்டாணியைத் தின்றேன்.